வீட்டு விளம்பரம் போட்டும் ஆள் வரவில்லையா? விலையைக் குறைக்கும் முன் படங்களைச் சரிபாருங்கள்

சென்னையில் குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள், விற்கிறார்கள் என்றால் படம் எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் புரோக்கரும் இல்லை, ஸ்டூடியோ வைத்திருப்பவனும் இல்லை. சில வருடங்களாகப் போன் கேமராவிலேயே எடுத்துக் கொடுத்து வருகிறேன். நான் போவதற்குள் பெரும்பாலும் ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கும். ஓனரே அவசரமாக நாலு படம் எடுத்துப் போட்டிருப்பார், யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், வாடகையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்திருப்பார். 11 மாத ஒப்பந்தத்தில் அது 11,000 ரூபாய். ஒரு காலைப் பொழுது செலவழித்துப் படத்தை மாற்றியிருந்தால் அந்தப் பணம் அவர் கையிலேயே இருந்திருக்கும்.

கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில்.

அறிகுறி 1: விளம்பரம் போட்டுப் பத்து நாள் ஆகிறது, ஒரு போன்கூட இல்லை

முதல் படத்தைப் பாருங்கள். பட்டியலில் உங்கள் வீட்டுக்குக் கிடைப்பது தபால்தலை அளவு இடம்தான். போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் படத்தைப் பாருங்கள். என்ன அறை என்று ஒரு நொடியில் தெரிகிறதா? பூட்டிய கேட், மாடிப்படி, மூடிய கதவு, பாத்ரூம் இவற்றில் ஒன்று முதலில் நின்றால் மாற்றிவிடுங்கள். ஜன்னலோடு தெரியும் ஹால்தான் முதலில் வர வேண்டும். தனி வீடு என்றால் முகப்பு.

அடுத்து வரிசை. வீட்டுக்குள் ஒருவர் நடந்து வருகிற வரிசையிலேயே படமும் போகட்டும்: ஹால், அதிலிருந்து கிச்சன், பெட்ரூம்கள், பாத்ரூம், பால்கனி, அப்புறம் படிக்கட்டு, பார்க்கிங், தெரு. வரிசை குழம்பினால், எந்த பெட்ரூம் எந்தப் பக்கம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு 12 முதல் 15 படம் சரியாக இருக்கும். நாலே படம் இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். முப்பது இருந்தால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

இவ்வளவும் சரிசெய்து, புதிதாகப் பதிவு போட்டு, இன்னும் ஒரு வாரம் போன் வரவில்லை என்றால் கோளாறு படத்தில் இல்லை. அதே தெருவில் கடைசியாக எந்த வாடகைக்கு ஆள் குடி வந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை நம்ப வேண்டாம், பேசி முடிந்த தொகையைக் கேளுங்கள்.

அறிகுறி 2: எல்லாப் படமும் புகை மூட்டம் போல மங்கல்

லென்ஸைத் துடையுங்கள். எனக்கு வரும் மங்கல் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். எண்ணெய்க் கையால் பிடித்த போன், சட்டைப் பையில் வியர்வையில் ஊறிய போன். எரிகிற டியூப்லைட்டை நோக்கிக் கேமராவைத் திருப்புங்கள். விளக்கிலிருந்து கோடு கோடாக ஒளி இழுபட்டால் லென்ஸில் பிசுக்கு இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் துணியோ, துவைத்த பழைய பருத்தி வேட்டித் துண்டோ போதும்.

துடைத்த பிறகு போனில் தெளிவாக இருக்கிறது, விளம்பரத்தில் மட்டும் மங்குகிறது என்றால் நடுவில் வாட்ஸ்அப் வழியாக அனுப்பியிருப்பீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும். ஆனால் அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் உள்ளே போகும். முன்பின் தெரியாத ஆளுக்கு அனுப்புவதானால் படம் எடுப்பதற்கு முன்பே கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் ஜூம் செய்து எடுத்திருப்பீர்கள். ஜூமை விட்டு நடந்து போய் நில்லுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் லென்ஸ் கீறியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் போனை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டாம்.

அறிகுறி 3: அறை இருட்டு, ஜன்னல் மட்டும் வெள்ளை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நிற்கும் இடம். ஜன்னலை நேருக்கு நேர் பார்த்து எடுத்தால் கேமரா ஜன்னலுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், அறை கறுத்துவிடும். ஜன்னல் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் வரும்படி மூலையில் நில்லுங்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஜன்னல் முழுதாகத் தெரியட்டும், காற்று எந்தப் பக்கம் வரும் என்பதைப் பார்ப்பவர்கள் அதில்தான் தேடுவார்கள்.

நேரம். அறைக்குள் நேர் வெயில் விழக் கூடாது, ஆனால் வெளியே நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும். கிழக்கு பார்த்த ஹாலைக் காலை எட்டு மணிக்கு எடுத்தால் டைல்ஸில் கம்பி நிழல் விழுந்து பாதி வெளுத்திருக்கும். 11 மணிக்கு மேல் எடுங்கள். மேற்கு பார்த்த அறையை முற்பகலில் முடித்துவிடுங்கள்.

கொசுவலை. பம்மலில் முதல் மாடி வீடு ஒன்றில் மூன்று முறை எடுத்தும் பெட்ரூம் விடியவே இல்லை. விளக்கை மாற்றினோம், திரைச்சீலையை எடுத்தோம். கடைசியில் ஜன்னலில் ஒட்டியிருந்த வலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், பட்டை பட்டையாகத் தூசி உதிர்ந்தது. வெள்ளையாக ஒட்டிய வலை சாம்பல் நிறத்தில் இருந்தது. கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயப்போட்டுவிட்டு எடுத்தோம். அதே அறை, அதே மணி, அதே போன். அந்த வீட்டு அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ வெளிச்சமாப்பா இந்த ரூம்பு? ஆறு வருஷமா பகல்லயே லைட்டு போட்டுட்டு இருந்தோமே” என்றார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது வலையைத்தான்.

கேமரா அமைப்பு. எச்டிஆர் (இருட்டான பகுதியும் வெளிச்சமான பகுதியும் ஒரே படத்தில் தெரிய வைக்கும் வசதி) அணைந்திருந்தால் போடுங்கள். திரையில் அறையின் நடுச்சுவரைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கை நடுங்கும் இருட்டு என்றால் போனை ஸ்டூல் மேல் சாய்த்து, மூன்று நொடி டைமர் வைத்து எடுங்கள்.

அறையே இருட்டாக இருப்பது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் என்றால் விளக்கு போட்டே எடுங்கள். பழைய பல்பு மங்கியிருந்தால் மாற்றுங்கள், நூறு ரூபாய்ச் சுற்றில் முடிந்துவிடும். எடிட் செய்து வெயில் அடிப்பது போலக் காட்டாதீர்கள். வருகிறவர் முதலில் அந்த ஜன்னலைத்தான் திறப்பார்.

ஆள் வைக்க வேண்டிய கட்டம்: விற்கும் வீடு, ஹாலே இருட்டு, வேறு நல்ல அறையும் இல்லை. அப்போது ஃபிளாஷும் ட்ரைபாடும் வைத்து வீட்டு உள்புறம் எடுத்துப் பழகியவரைக் கூப்பிடுங்கள். கல்யாணப் படம் எடுப்பவர் எல்லோருக்கும் இந்த வேலை கைவராது. அவர் இதற்கு முன் எடுத்த வீட்டுப் படங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி 4: ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம், அல்லது குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு

பகலில் விளக்கையெல்லாம் அணைத்து ஒரு படம், எல்லாவற்றையும் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். பாதி எரியவிட்டு எடுப்பதுதான் நிறத்தைக் கெடுக்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஒரே அறையில் 3000கே பல்பும் (மஞ்சள் ஒளி) 6500கே பல்பும் (நீலம் கலந்த வெள்ளை ஒளி) கலந்திருக்கும். பெட்டியிலோ பல்பின் கழுத்திலோ அந்த எண் இருக்கும், ஒன்றாக்குங்கள்.

கோடு விழுவது எல்இடி துடிப்பதால். கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் துடிப்புத் தடுப்பு இருந்தால் போடுங்கள். இல்லை என்றால் ப்ரோ மோடில், அதாவது அமைப்பை நாமே மாற்றும் முறையில், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வையுங்கள். படம் எடுக்கும்போது மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி 5: சுவர் சாய்கிறது, கதவு மேலே போகப் போகக் குறுகுகிறது

போனைக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாய்த்திருக்கிறீர்கள். கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டு, கதவின் நிலையோடு ஒரு கோட்டை ஒட்ட வையுங்கள். எந்த உயரத்தில் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுவிட்ச்போர்டு உயரம். நம் வீடுகளில் அது நாலு அடிச் சுற்றில் இருக்கும், எல்லா அறையிலும் ஒரே உயரம் கிடைத்துவிடும். கிச்சனில் மட்டும் இன்னும் ஒரு சாண் ஏற்றிப் பிடியுங்கள், சமையல் மேடையின் மேல்பரப்பு தெரிய வேண்டும்.

எடுத்து முடித்த படம் லேசாகச் சாய்ந்திருந்தால் போனின் எடிட்டிலேயே நிமிர்த்திவிடலாம்.

அறிகுறி 6: அறை தீப்பெட்டி மாதிரி தெரிகிறது

நடு அறையில் நின்று எடுத்திருப்பீர்கள். வாசல்படியிலோ மூலையிலோ முதுகு சுவரில் ஒட்ட நில்லுங்கள். போனைக் குறுக்காகப் பிடியுங்கள். இரண்டு சுவரும் கொஞ்சம் தரையும் வந்தால் போதும், நாலு சுவரையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்து சாமான். கட்டிலுக்கு அடியில் தள்ளிய சூட்கேஸ், கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டைகள், லாஃப்டில் பிதுங்கும் மூட்டை, ஜன்னல் கம்பியில் கட்டிய கொடி. இவற்றை எடுத்தாலே 10க்கு 10 அறை மூச்சுவிடும்.

கடைசியாக 0.5 லென்ஸ், அதாவது அதிக அகலத்தைப் பிடிக்கும் லென்ஸ். பாத்ரூமிலும் சின்ன கிச்சனிலும் பின்னால் நகர இடமே இல்லாதபோது மட்டும் எடுங்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் ஃபிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு இழுபட்டிருக்கிறதா, வாளி முட்டை வடிவமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அந்தப் படம் வேண்டாம். அதற்குப் பதிலாக அறையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து விவரத்தில் எழுதுங்கள். கட்டில் போட்டால் பீரோவுக்கு இடம் இருக்குமா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

அறிகுறி 7: போன் வருகிறது, வந்து பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள்

இதை மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். யாருமே வராத வீட்டைவிட, பத்துப் பேர் வந்து திரும்பிய வீடு ஓனரை அதிகம் சோர வைக்கிறது. வந்தவர்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது, ஆட்டோ காசு போகிறது.

முதலில், வந்து போன மூன்று பேருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: “படத்தில் பார்த்ததற்கும் நேரில் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம் தெரிந்தது?” வீடு வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பதில் பெரும்பாலும் கீழே இருப்பவற்றில் ஒன்றாக இருக்கும்.

“படம் பழசு போல.” போன குடித்தனக்காரர் வருவதற்கு முன், புது பெயின்ட்டோடு எடுத்த படம். இன்றைக்கே மறுபடி எடுங்கள்.

“பாத்ரூம் படமே இல்லையே.” பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, வாளி மக்கை வெளியே வைத்து, டாய்லெட் மூடியை மூடி, கதவோரம் நின்று எடுங்கள். படிக்கட்டு, பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி, கேட் முன்னால் தெரு இவையும் இதே கணக்குதான். கார் நுழையாத தெரு என்றால் அதுவும் படத்தில் தெரியட்டும். கார் வைத்திருப்பவர் வந்து ஏமாற மாட்டார், பைக் வைத்திருப்பவருக்கு அது குறையே இல்லை.

“மழைக்குத் தண்ணி நிக்குமா?” 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் நல்ல மழை பெய்த மறுநாள் காலை தெருவையும் பார்க்கிங்கையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிற்கவில்லை என்றால் வேறு எந்தப் படத்தையும் விட அது உங்களுக்கு உதவும். நின்றால், எந்த அளவு நிற்கும் என்று கேட்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

“சுவரில் ஓதம்.” ஒரு கீழ்த்தள வீட்டில், பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஓனரின் மகன் அதன் முன்னால் பீரோவைத் தள்ளிவைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். நான் அங்கே இருந்த அன்று ஒரு குடும்பம் பார்க்க வந்தது. அறைக்குள் வந்ததும் அந்த அம்மா நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியைக் கணவரிடம் காட்டினார். மற்ற அறைகளைப் பார்க்கவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பிளம்பரைக் கூப்பிட்டோம். சுவருக்குள் ஓடும் குழாயின் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்து, பூச்சைக் கொத்தி, மூன்று வாரம் காயவிட்டு, மறுபூச்சு பூசிய பிறகு அந்தச் சுவரையே தனியாக ஒரு படம் எடுத்தோம். விவரத்தில், “பாத்ரூம் குழாய்க் கசிவு சரிசெய்யப்பட்டது, இந்தச் சுவர் புதிதாகப் பூசியது” என்று எழுதினோம். அடுத்து வந்தவர்கள் அந்தச் சுவரைப் பற்றி அவர்களாகவே பேச்சை எடுத்தார்கள், பிளம்பர் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

ஆகவே இந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டியது போட்டோகிராபரை இல்லை. ஓதம் பாத்ரூம் பக்கம் என்றால் பிளம்பர். மேல்தளத்தில் சீலிங் ஒழுகினால் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்பவர். சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் சிவில் இன்ஜினியர் வந்து பார்க்காமல் அந்த வீட்டை யாருக்கும் காட்டவே வேண்டாம்.

காலி அறைக்குள் கணினியில் சோபாவும் செடியும் வைத்துக் காட்டும் படங்கள் இப்போது அதிகம் வருகின்றன. வைப்பதானால் படத்தின் மேலேயே அது கற்பனை அலங்காரம் என்று எழுதி, பக்கத்திலேயே காலி அறையையும் போடுங்கள். சுவர் விரிசலையும் எதிரில் இருக்கும் டிரான்ஸ்பார்மரையும் அழிப்பது வேறு விஷயம், அதைச் செய்யவே கூடாது. புதுக் கட்டடம் கட்டி விற்பவர்களுக்கு இது சட்டப்படியே ஆபத்து. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும். அவர் விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணும் விளம்பரத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி 8: குடித்தனக்காரர் இன்னும் இருக்கிறார், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் சாமான்

முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள், திடீரென்று போய் நிற்காதீர்கள். சாமானை அப்புறப்படுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, கேட்டு உதவி வாங்கலாம். அறையில் இருப்பதை ஒரு பக்கமாக நகர்த்தி எதிர்ப்பக்கத்தை எடுத்து, அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். கட்டிலுக்கு ஒரே நிறத்தில் சுருக்கமில்லாத விரிப்பு. கிச்சன் மேடையில் அடுப்பு மட்டும் இருந்தால் போதும். எடுத்து முடித்ததும் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

போடுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். குழந்தைகள் படம், பள்ளி அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து, பீரோ கண்ணாடியில் தெரியும் ஆள். ஒன்று இருந்தாலும் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். ஒரு வீட்டில் பாட்டி, “பூஜை ரூம மட்டும் எடுக்காத தம்பி” என்றார். சரி பாட்டி என்று அந்தக் கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன். விவரத்தில் பூஜை அறை உண்டு என்று எழுதியதே போதுமானதாக இருந்தது.

அறிகுறி 9: உங்கள் படத்தைப் போட்டு வேறு யாரோ அட்வான்ஸ் கேட்கிறார்கள்

அந்த விளம்பரத்தையும் போன் எண்ணையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிந்துவிட்டால் ஆதாரம் போய்விடும். அப்புறம் அந்தத் தளத்தில் புகார் கொடுங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டார் என்று தெரிந்தால் அவரை அந்த நிமிடமே 1930க்குப் பேசச் சொல்லுங்கள், அது சைபர் குற்ற உதவி எண். சீக்கிரம் பேசினால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். இனிமேல் போடும் படங்களின் நடுவில், வெட்டி எடுக்க முடியாத இடத்தில், லேசான எழுத்தில் உங்கள் பெயரை அடித்துப் போடுங்கள். கதவு எண் தெரியும் படமும் பத்திரத்தின் படமும் எந்த விளம்பரத்திலும் வேண்டாம்.

அறிகுறி 10: முகப்பு கறுப்பாக விழுகிறது, பின்னால் வானம் மட்டும் தெரிகிறது

வெயில் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கிழக்கு பார்த்த வீட்டைக் காலை ஒன்பதுக்குள் எடுங்கள், மேற்கை மூன்றரைக்கு மேல். தெற்கு பார்த்த வீட்டுக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை பகல் முழுக்க வெளிச்சம் கிடைக்கும்.

வடக்கு பார்த்த வீடுதான் சிக்கல். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டு நாளுக்கும் இடையில்தான் நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கம் சாயும். டிசம்பரில் வடக்கு முகப்புக்கு நாள் முழுக்க நேர் வெயில் கிடையாது. அப்போது மேகமூட்டமான நாளில் எடுங்கள். இல்லை என்றால் சூரியன் மறைந்த கால் மணி நேரத்துக்குள் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு, போனை எதிர் மதில்மேல் ஊன்றி எடுங்கள்.

முன்னால் ஒயரும் மரமும் மறைத்தால் எதிர் வீட்டு மாடியில் அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். மனை, தோட்டம், பெரிய தனி வீடு என்று மேலிருந்தே காட்டியாக வேண்டியவற்றுக்கு மட்டும் ட்ரோன் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டி, பறக்கவிடலாமா என்பதை உங்கள் முன்னால் சரிபார்க்க வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை இரண்டும் மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டி இருப்பவை, தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. இங்கே அனுமதி இல்லாமல் ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.